வயிற்றில் பிறந்த கட்டி மூளையில்!

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜூஜூவாடியில் மாநில எல்லையைத் தாண்டி நகருக்குள் நுழைந்தால், அதே ஓசூர் சாலையில் இரண்டு பெரிய மருத்துவ நிலையங்கள் அருகருகே இருப்பதைக் காணலாம். ஒன்று, 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. மற்றொன்று, மூளை நோய்களுக்கான நிம்ஹான்ஸ். இரைப்பையில் புற்றுநோய் கண்ட ஒருவருக்குச் சில வேளைகளில் இவ்விரு துறை மருத்துவர்களும் தேவைப்படுகிறார்கள். ஏன் தெரியுமா?

இரைப்பைக் கட்டியிலிருந்து சில செல்கள் பிரிந்து இரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பாலும் அவை கல்லீரலில் தங்கிவிடும். மூளை வரை சென்று குடியேறுவது மிக அரிது. நூறு நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவு. அப்படி நேர்ந்தால் விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி தோன்றலாம். "புதிதாக மூளையிலும் புற்றுநோயா?" என்று வீட்டார் கலங்குவார்கள். ஆனால் அது புதிய நோயன்று. அக்கட்டியின் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிவது இரைப்பையில் தோன்றிய அதே புற்றுசெல்கள்தாம்!

அப்படியானால் பழைய மருந்தே போதுமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

1885-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் செலுத்தினார். உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின. மூளை மட்டும் மாறவில்லை. மூளையில் அந்தச் சாயம் ஒட்டாது போலும் என்று எண்ணினார். 1913-இல் எட்வின் கோல்ட்மன் சாயத்தை மூளையைச் சூழ்ந்த திரவத்திலேயே செலுத்தினார். இப்போது மூளை நன்றாகவே நிறம் ஏறியது! ஆக, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. மூளையின் இரத்த நுண்குழாய்களில் சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி இணைந்துள்ளன. எல்லைச் சோதனைச் சாவடி போல, குளுக்கோஸை உள்ளே விடும். அன்னியப் பொருள்களைத் தடுக்கும். கட்டி வளர்ந்த இடத்தில் இந்தச் சாவடி ஓரளவு பழுதாகிவிடும். ஆயினும் டிராஸ்டுசுமாப் போன்ற பெரிய புரத மருந்துகள் போதிய அளவு நுழைவதில்லை.

கதிர்களுக்கோ சாவடி கிடையாது. ஸ்வீடனில் லார்ஸ் லெக்ஸெல் 1960-களில் உருவாக்கிய 'காமா கத்தி'யில் கத்தியே இல்லை! கோபால்ட்-60 வெளியிடும் ஏறத்தாழ 200 மெல்லிய கதிர்க் கற்றைகள் பல திசைகளிலிருந்து வந்து ஒரே புள்ளியில் கூடுகின்றன. தனித்தனியே ஒவ்வொன்றும் வலுவற்றது. கூடுமிடத்தில் மட்டும் கட்டி கருகும். நிம்ஹான்ஸில் இக்கருவி உண்டு. சிறிய கட்டிகள் சில மட்டும் இருந்தால் இது ஏற்றது. ஒரே கட்டி, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அறுவை செய்வதுண்டு. பல இடங்களில் பரவியிருந்தால் மூளை முழுவதற்கும் கதிர் தருவார்கள். இவற்றுக்கு முன்பே டெக்ஸாமெதாசோன் கொடுத்து வீக்கத்தைக் குறைப்பார்கள்; தலைவலி தணியும்.

முழுக் குணம் அரிது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தளர்ந்த கை மீண்டும் சோற்றைப் பிசைவதும், குழறிய பேச்சு தெளிவதும் அந்த வீட்டாருக்குச் சிறிய காரியமா? அதன் பிறகு நோயாளி புற்றுநோய் மருத்துவரிடமே திரும்புகிறார். கதிர் தொட்டது மூளையை மட்டும்தானே, உடலின் மற்ற இடங்களில் எஞ்சிய செல்களுக்கு மருந்து தொடர வேண்டும்.