சோதனைகள் சரி, வலியும் உண்மை

பள்ளிகள் திறந்து சில வாரங்கள் ஆனதும், எங்கள் குழந்தைநலப் புறநோயாளர் பிரிவில் திங்கட்கிழமைதோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். சீருடை அணிந்த குழந்தை ஒன்று வயிற்றைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும். தாயின் கையில் தடித்த கோப்பு ஒன்று இருக்கும். இரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கேன் என மூன்று நான்கு இடங்களில் எடுத்த முடிவுகள் அதில் அடுக்கப்பட்டிருக்கும். எல்லாம் இயல்பாகவே இருக்கும். வலி மட்டும் போயிருக்காது.

"எல்லாம் சரியாக இருக்கிறதென்றால், இவள் நடிக்கிறாளா டாக்டர்?" என்று தாய் கேட்பார். குழந்தை தலையைக் குனிந்துகொள்ளும்.

நடிக்கவில்லை என்பதே எங்கள் விடை. அதைக் குழந்தையின் முன்பாகவே சொல்கிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது?

குடலுக்கெனத் தனியாக ஒரு நரம்பு வலையமைப்பு உண்டு. அது மூளையுடன் இடைவிடாத தொடர்பில் இருக்கிறது. அச்சம் வந்தால் 'வயிற்றைக் கலக்குகிறது' என்றும், 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்றும் நம் வீடுகளில் சொல்வது வெறும் சொல்லலங்காரம் அன்று. கவலை நாள்கணக்கில் நீடிக்கும்போது குடலின் அசைவு மாறுகிறது. வழக்கமான அசைவுகளையும் நரம்புகள் வலியாக உணர்த்தத் தொடங்குகின்றன. தன் மனத்தில் இருப்பது கவலை என்று எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் சொல்லத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியும்.

உடல்நோய் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது எங்கள் கடமை. எடை குறைதல், தொடர்ந்த காய்ச்சல், மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, உறக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி ஆகியவை இருந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். இவை எதுவும் இல்லை, பரிசோதனையும் இயல்பு என்ற நிலையில் மீண்டும் மீண்டும் ஸ்கேன் எடுப்பதால் பயனில்லை. தனக்கு ஏதோ பெரிய நோய் இருக்கிறது என்ற அச்சத்தையே ஒவ்வொரு புதிய சோதனையும் குழந்தைக்குள் வளர்க்கிறது.

இந்த இடத்தில்தான் மனநல ஆலோசனையைப் பரிந்துரைக்கிறோம். பல குடும்பங்கள் தயங்கும் இடமும் இதுவே. "என் பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று தந்தை கேட்கிறார். "பெண் பிள்ளை, நாளை நான்கு பேர் என்ன சொல்வார்கள்?" என்று பாட்டி கவலைப்படுகிறார். இந்த அச்சத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எந்தத் தெருவிலும் எந்த வகுப்பறையிலும் அப்படி ஒரு குழந்தை இருக்கக்கூடும். சிகிச்சை விவரங்கள் பிறருக்குத் தெரியாமல் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஓர் உரிமையாகவே வழங்கியிருக்கிறது.

ஆலோசனை அறையில் நடப்பது

பல குழந்தைகளிடம் கண்டவற்றை இணைத்து, ஒரு சிறுமியின் அனுபவமாக இங்கே சொல்கிறோம். அவளுக்கு 11 வயது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றப்பட்டாள். இரண்டு மாதங்களாக வயிற்றுவலி. ஞாயிறு மாலை தொடங்கும்; திங்கள் காலை உச்சத்தை அடையும்; பள்ளி வாகனம் சென்றபின் தணிந்துவிடும்.

முதல் அமர்வில் ஆலோசகர் குடும்பத்தினர் அனைவருடனும் பேசினார். பிறகு சிறுமியுடன் தனியே பேசினார். முதலிலேயே ஒரு விதியை அவளிடமும் பெற்றோரிடமும் தெளிவாகச் சொன்னார். அவள் சொல்வது வெளியே போகாது. அவள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், யாரேனும் அவளுக்குத் தீங்கு இழைப்பது தெரிந்தாலும் மட்டுமே அந்த விதி தளரும். பாலியல் தீங்கு என்றால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம்.

அன்று அவள் அதிகம் பேசவில்லை. தன் வகுப்பறையைப் படமாக வரைந்தாள். எல்லோரும் அமர்ந்திருக்க, ஒரு சிறுமி மட்டும் புத்தகத்துடன் நின்றிருந்தாள். ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லும்போது தடுமாறியதும், வகுப்பே சிரித்ததும் மூன்றாம் அமர்வில்தான் வெளிவந்தன. அதுவரை வீட்டில் எவருக்கும் அது தெரியாது. பள்ளி மாறுவதற்காகத் தந்தை கடன் வாங்கியிருந்தது அவளுக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை.

அதன்பின் நடந்தவை எளிய செயல்கள்தாம். மூச்சை மெதுவாக இழுத்து விடும் பயிற்சி தரப்பட்டது. அச்சம் தரும் சூழல்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொரு படியாக ஏறினாள். முதல் வாரம் இரண்டு பாடவேளைகள், அடுத்த வாரம் அரை நாள், பிறகு முழு நாள். பெற்றோரின் ஒப்புதலுடன் வகுப்பாசிரியரிடம் பேசியதில், சில காலம் உரக்க வாசிக்கச் சொல்வதில்லை என்று அவர் இசைந்தார். வலிக்காக வீட்டில் தங்கும் நாளில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லை என்று பெற்றோர் முடிவுசெய்தனர். தண்டனையாக அன்று, வீடு பள்ளியைவிட இனிதாகிவிடக் கூடாது என்பதற்காக.

வலி ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. காலாண்டுத் தேர்வுக்கு முன் மீண்டும் வந்தது. வலியோடே பள்ளிக்குச் சென்று தேர்வை எழுதினாள். அதைத்தான் நாங்கள் முன்னேற்றம் என்கிறோம். அவளுக்கு மருந்து தேவைப்படவில்லை. கடுமையான மனச்சோர்வோ பதற்றமோ உள்ள சில பிள்ளைகளுக்கு ஆலோசனையுடன் மருந்தும் தேவைப்படும். அதை மனநல மருத்துவர் முடிவுசெய்வார்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

சிறு குழந்தைகளிடம்: நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவது, பெற்றோரை விட்டு விலக மறுப்பது, அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி.

வளரிளம் பருவத்தினரிடம்: துயரம் பல நேரம் எரிச்சலாகவே வெளிப்படும். 'எதிர்த்துப் பேசுகிறான்' என்று நாம் நினைப்பது அதுவாகவும் இருக்கலாம். உறக்கமும் உணவும் மாறுவது, நண்பர்களை விலக்குவது, பிடித்த விளையாட்டைக் கைவிடுவது, கையிலுள்ள காயங்களை முழுக்கைச் சட்டையால் மறைப்பது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் காத்திருக்கத் தக்கவை அல்ல. காயங்களைக் கண்டால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

பெற்றோர் கேட்க அஞ்சும் கேள்வி ஒன்று உண்டு: "செத்துப்போகலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் பிறந்துவிடாது. ஏற்கெனவே அது இருக்குமானால், பகிர்ந்துகொள்ள ஒரு வழி திறக்கும். 'ஆம்' என்று விடை வந்தால் கோபப்படாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகள், எலி மருந்து, பூச்சிக்கொல்லி ஆகியவற்றை உடனே அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்திருக்கும்.

பேசுவதற்கு உடனே ஒருவர் தேவையென்றால், 2022 அக்டோபர் முதல் இயங்கிவரும் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணமில்லை, 24 மணிநேரமும் தமிழிலும் பேசலாம். குழந்தைக்கு எவராலேனும் தீங்கு நேர்கிறது என்றால் 1098 என்ற எண்ணை அழையுங்கள். பொதுத்தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் இந்த இரு எண்களும் வீட்டிலுள்ள எல்லோருடைய கைப்பேசியிலும் இருப்பது நல்லது.

அடுத்த திங்கட்கிழமை உங்கள் குழந்தை வயிறு வலிக்கிறது என்று சொன்னால், 'பள்ளிக்கூடம் போகச் சொன்னால் உடனே வந்துவிடுமே' என்று சொல்லாதீர்கள். அருகில் அமர்ந்து, எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது, நேற்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அன்றே விடை வராமல் போகலாம். எங்கள் ஆலோசகருக்கும் மூன்றாம் அமர்வில்தான் வந்தது.