முலான்: பாடலில் பிறந்த வீராங்கனை

முதிய தந்தைக்குப் பதிலாக ஆணுடை தரித்துப் போருக்குச் சென்றவள் எனச் சீன மக்கள் போற்றும் முலானைப் பற்றி, அவள் வாழ்ந்த காலமாகக் கருதப்படும் வடக்கு வெய் அரசின் (386–534) அதிகாரபூர்வ வரலாற்று நூலில் ஒரு சொல்லும் இல்லை. அவளைப் பற்றிய மிகப் பழைய சான்று, 300க்குச் சற்று மேற்பட்ட சீன எழுத்துகளால் ஆன ஒரு கதைப்பாடல் மட்டுமே. சோங் வம்சக் காலத்தில் குவோ மாவோசியென் தொகுத்த யுவேஃபு திரட்டின் வழியாக அது நம் காலம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. யுவேஃபு என்பது முதலில் நாட்டுப் பாடல்களைத் திரட்டிய ஹான் அரசவையின் இசைத்துறையைக் குறித்து, பின்னர் அவ்வகைப் பாடல்களுக்கே பெயராகிவிட்ட சொல்.

அப்பாடலின் காலத்தையும் நிலத்தையும் உணர்த்தும் தடயம் அதன் சொற்களிலேயே உள்ளது. படைக்கு ஆள் திரட்டும் அரசன் அதில் ஓரிடத்தில் சீன மரபுப்படி 'வானின் மைந்தன்' என்றும், வேறிடங்களில் புல்வெளி நாடோடிகளின் தலைவனைக் குறிக்கும் 'ககான்' என்றும் அழைக்கப்படுகிறான். ஒரே மன்னனுக்கு இவ்விரு பட்டங்களும் பொருந்துவது, வடக்கிலிருந்து வந்து சீன நிலத்தை ஆண்ட சியான்பெய் இனத்துத் துவோபா குலத்தாரின் வடக்கு வெய் அரசில்தான் இயல்பாகும். இதற்கு வலுவான துணைச் சான்று 1980இல் கிடைத்தது. உள் மங்கோலியாவின் காசியான் குகைச் சுவரில் வெய் பேரரசர் தாய்வுவின் தூதர்கள் 443இல் பொறித்த வேண்டுதலில், அரச குலத்தின் மூதாதையர் ககான் என்றே குறிக்கப்பட்டுள்ளனர். அதே வேண்டுதலைத் தன்னுள் எடுத்தாண்ட அதிகாரபூர்வ வரலாற்று நூலோ, அந்தச் சொல்லை விட்டுவிட்டது. அரசவை எழுத்தர்கள் மறைத்த ஒரு பழக்கத்தை ஒரு நாட்டுப் பாடல் காத்து வைத்திருப்பது, வாய்மொழி மரபை வரலாற்றாசிரியர்கள் எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு அருமையான எடுத்துக்காட்டு.

முலான் என்பது சீன மொழியில் மக்னோலியா மலரைக் குறிப்பதால் அது பெண்ணுக்கே உரிய பெயரெனப் பலரும் எண்ணுவர். ஆயினும் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹான் ஷியோங் என்னும் தளபதிக்கும், வளர்ந்த ஆடவருக்குச் சூட்டப்படும் வழக்குப் பெயராக அதுவே இருந்தது. எனவே அது மலரின் பெயரே அன்று, ஏதோ ஒரு புல்வெளி மொழிச் சொல்லின் சீன ஒலிபெயர்ப்பு என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

போர்க்களத்தில் பெண் நிற்பதும் அச்சமூகத்துக்குப் புதிதன்று. வடக்கு வெய் தளபதி யாங் தாயனின் மனைவி பான் அம்மையார் குதிரையேற்றத்திலும் வில்வித்தையிலும் தேர்ந்தவர்; போருடை அணிந்து கணவருக்கு இணையாகக் களத்திலும் வேட்டையிலும் குதிரை செலுத்தியவர். அவரைக் கணவரே மற்றவர்களிடம் 'தளபதி பான்' என்று அறிமுகப்படுத்தியதை, முலானைப் பற்றி வாய்திறவாத அதே வரலாற்று நூல் பதிவு செய்துள்ளது. பாடலின் முலான் பன்னிரண்டு ஆண்டுகள் தன் பாலினத்தை மறைத்து வாழ்கிறாள். பான் அம்மையாருக்கோ மறைக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஆகவே முலான் என்ற தனி ஒருத்தியின் பிறப்பிடத்தைத் தேடி ஊர்கள் போட்டியிடுவதைவிட, ரூரான் நாடோடிகளுடன் ஓயாமல் பொருதிய வடஎல்லையின் குதிரைவீரக் குடும்பங்களை அப்பாடலின் தாயகமாகக் கொள்வதே பொருத்தமானது.

மூலப் பாடலில் அவளுக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஹெனான் மாநிலத்து யூச்செங்கில் உள்ள 1334ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவளை வெய் குடும்பத்தவள் என்கிறது. இன்று உலகறிந்த 'ஹுவா' என்ற குடும்பப் பெயர் 16ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் ஷூ வெய் சூட்டியது. அவருடைய நாடகத்தில் முலான், வடக்கு வெய் காலத்தில் வழக்கிலேயே இல்லாத பாதக்கட்டை அவிழ்த்துவிட்டே போருக்குக் கிளம்புகிறாள். புல்வெளியின் மகள் இவ்வாறு மிங் காலத்துக் குலமகளாக உருமாறிய வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.