நனைந்த புத்தகத்தைக் காப்பாற்றலாம்!

குட்டீஸ்... 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, பல வீடுகளில் புத்தகம், சான்றிதழ், ஆல்பம் எல்லாம் நனைந்தன. சான்றிதழுக்கு அரசு முகாம் நடத்தி நகல் கொடுத்தது. தாத்தா, பாட்டி கல்யாண போட்டோவுக்கு நகல் ஏது?

இப்படிச் செய்யுங்கள்:

* ஈரத்தில் நின்று சுவிட்சைத் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்துவது பெரியவர்கள் வேலை.

* ஈரக் காகிதத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். அதனால், உடனே வேலையைத் தொடங்குங்கள்.

* ஒட்டிய பக்கங்களைப் பிய்க்காதீர்கள். புத்தகத்தை நிமிர்த்தி, லேசாக விரித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். நடுநடுவே வெள்ளைத்தாள் செருகி, ஈரமானதும் மாற்றுங்கள். சுள்ளென்ற வெயில் வேண்டாம். அட்டை வளைந்து விடும்.

* ஸ்டூடியோவில் கழுவிய போட்டோக்கள் ஒட்டிக்கொண்டால், சுத்தமான குளிர்ந்த நீரில் ஊற விடுங்கள், மெல்லப் பிரியும். படம் மேலே தெரியும்படி, நிழலில் உலர்த்துங்கள்.

* நிறைய புத்தகங்களா? பாலித்தீன் பையில் சுற்றி, ப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை வளராது, பிறகு ஒவ்வொன்றாக உலர்த்தலாம்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், 1966 நவம்பர் 4ல் ஆர்னோ நதி பெருகி, தேசிய நூலகத்தில் புகுந்தது. பல நாட்டு இளைஞர்கள் வரிசையாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கை மாற்றி மாற்றி வெளியே எடுத்தனர். அவர்களை, 'சேற்றுத் தேவதைகள்' என்று அழைத்தனர் மக்கள்.

மழைக்காலம் வருமுன், ஆல்பத்தை மேல் தட்டுக்கு மாற்றி விடுங்கள் குட்டீஸ்!