கரையான் சொன்ன சாட்சி!

லண்டன் ஹைகோர்ட்டில் பெரிய பெரிய ஆசாமிகள் எல்லாம் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நம்ம ஊர்க் கரையானும் அங்கே போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் அந்தக் கேஸில் ஜெயித்தது நாம்!

1976. அன்றைய தஞ்சாவூர் ஜில்லா, இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் பத்தூர் என்ற சின்னக் கிராமம். இடிந்துபோன விஸ்வநாத சுவாமி கோயில் அருகே ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டிக்கொண்டிருந்தார். 'ணங்'கென்று ஒரு சத்தம். மண்ணை விலக்கினால், பச்சைக் களிம்பு ஏறிய ஓர் உலோக உருவம். ஒரு காலைத் தூக்கி நின்ற நடராஜர்!

கண்டெடுத்தவருக்குக் கிடைத்தது அற்பத் தொகை. நடராஜரோ கை மாறி, கை மாறி, பாஸ்போர்ட் விசா எதுவும் இல்லாமல் லண்டனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். 1982-ல் கனடாவின் 'பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன்' என்ற கம்பெனி அவரை விலைக்கு வாங்கியது. விலை, இரண்டரை லட்சம் பவுண்டு!

வாங்கியவர்கள் சிலையைச் சீர்செய்வதற்காக பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார்கள். ஸ்காட்லாந்து யார்டு போலீஸ் வந்து சிலையைக் கைப்பற்றியது அங்கேதான்.

'சிலை எங்களுடையது' என்றது இந்தியா. 'நாங்கள் நியாயமாகக் காசு கொடுத்து வாங்கியது' என்றது கம்பெனி. இதுதான் பத்தூர் நடராஜர் என்பதற்கு என்ன அத்தாட்சி? நடராஜர் என்ன ரேஷன் கார்டா வைத்திருக்கிறார்?

மண்ணே முகவரி

சோழர் காலச் சிலை என்பது அச்சில் வார்த்த பொம்மை இல்லை. முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சிலையை மெழுகிலேயே செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் கூட்டை உடைத்தால் சிலை ரெடி. அதாவது ஒரு மெழுகுக்கு ஒரு சிலை. டூப்ளிகேட் கிடையாது! இன்றைக்கும் சுவாமிமலையில் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

ஆகவே சிலையின் பாணியைப் பார்த்தால் காலத்தைச் சொல்லலாம். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டன் போய் இந்தச் சிலையைப் பற்றிச் சாட்சி சொன்னார். ஆனால் ஊர்ப்பெயரைச் சொல்லப் பாணி மட்டும் போதாதே!

இங்கேதான் விஞ்ஞானிகள் நுழைந்தார்கள். பத்தூரில் அதே இடத்து மண்ணுக்குள்ளிருந்து வேறு சில வெண்கலச் சிலைகளும் கிடைத்திருந்தன. லண்டன் நடராஜரையும் இவற்றையும் ஒப்பிட்டார்கள். உலோகக் கலவை ஒத்துப்போகிறதா? ஒட்டியிருக்கும் மண் ஒரே மண்ணா? கடைசியாக, அந்தக் கரையான்!

கரையான் வெண்கலத்தைத் தின்னாது. ஆனால் போகிற வழியில் எது இருந்தாலும் அதன்மேல் மண்ணால் குழாய்ப் பாதை போட்டுக்கொண்டு போய்விடும். பூமிக்குள் கிடந்த சிலைகளின்மேலும் அப்படிப் பாதை போட்டிருந்தது. லண்டன் நடராஜர் மேலும் அந்தத் தடம், பத்தூர்ச் சிலைகள் மேலும் அந்தத் தடம்! இரண்டையும் வைத்து நிபுணர்கள் வாதாடினார்கள்.

விற்றவர் சொன்ன பூர்வீகக் கதை கோர்ட்டில் நிற்கவில்லை. 1988-ல் நீதிபதி இயன் கென்னடி, இது பத்தூர் நடராஜர்தான், கோயிலுக்கே உரிமை என்று தீர்ப்பளித்தார். 1991-ல் அப்பீலிலும் அதே முடிவு. பூஜை நின்றுபோன, இடிந்த கோயில் ஒன்று லண்டனில் வழக்காடி ஜெயித்தது! அதே வருடம் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்திலேயே யாராவது ஆர்வக் கோளாறில் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தால்? மண்ணும் போயிருக்கும், கரையான் தடமும் போயிருக்கும், சாட்சியும் சாக்கடையோடு போயிருக்கும்!

வெண்கலத்துக்கு வந்த வியாதி

அதற்காக அப்படியே அழுக்கோடு வைத்திருக்க முடியுமா என்றால், அதுவும் முடியாது. வெண்கலத்துக்கும் வியாதி வரும். அதன் பெயரே 'வெண்கல நோய்'தான்.

மண்ணுக்குள் கிடக்கும் செம்பு, காற்றும் ஈரமும் பட்டுச் சிவப்பாகவும் பச்சையாகவும் ஒரு போர்வை போர்த்திக்கொள்ளும். கெட்டியான, வழவழப்பான பச்சை என்றால் பயமில்லை, அது சிலைக்குக் கவசம். ஆனால் வெளிர்பச்சையில் மாவு மாதிரி பொடி உதிர்ந்தால் ஆபத்து. மண்ணில் இருந்த உப்பின் குளோரைடு உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் குளோரைடு ஒரு கந்துவட்டிக்காரன். காற்றில் ஈரம் கிடைக்கும்போதெல்லாம் செம்பை வட்டியாகத் தின்னும். தின்று முடித்தபின் அசல் அப்படியே நிற்கும், மறுபடி தின்ன ஆரம்பிக்கும். பல நூறு வருஷம் பூமிக்குள் சமர்த்தாக இருந்த சிலை, வெளியே எடுத்தபின் சீக்கிரமே பொரியத் தொடங்குவது இதனால்தான்.

இதற்கு வைத்தியம் பார்க்கவே சென்னை எழும்பூர் மியூசியத்தில் 1930-லேயே ஒரு ரசாயனக் கூடம் ஆரம்பித்தார்கள். முதல் வைத்தியர், டாக்டர் எஸ். பரமசிவன். அந்த நாளில் மின்சார வைத்தியம் பிரபலம். சிலையைக் காரக் கரைசலில் இறக்கி, மின்சாரம் பாய்ச்சி, களிம்பைக் கழற்றுவார்கள். சிலை பிழைக்கும், ஆனால் அழகான பச்சைப் போர்வையும் சேர்ந்து போய்விடும்.

இப்போது கொஞ்சம் நிதானம். முதல் வேலை போட்டோ. அப்புறம் ஒட்டியிருக்கும் மண்ணில் மாதிரி எடுத்துப் பத்திரப்படுத்துவது. பிறகு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மூங்கில் குச்சியாலும் சிறு கத்தியாலும் மெல்ல மெல்லச் சுரண்டல். நோய் கண்டிருந்தால் சோடா உப்புக் கரைசலில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஊறல். குளோரைடு வடியும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நம் ஆபீஸ் ஃபைல்கூட அவ்வளவு நாள் ஊறாது! கடைசியில் பென்சோட்ரையசோல் என்ற மருந்து, அதன்மேல் ஈரம் புகாமல் மெல்லிய பூச்சு.

கடைக்கால் தோண்டுகிறீர்களா?

லோன் போட்டு மனை வாங்கி, கடைக்கால் தோண்டும்போது உங்களுக்கும் அந்த 'ணங்' கேட்கலாம். காவிரிக் கரையில் மட்டும் என்றில்லை. படையெடுப்புக்குப் பயந்து பல ஊர்களில் சாமியைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது பூமிக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை உள்ளே போகலாம். சொன்னால், யாரும் உரிமை நிரூபிக்காத பட்சத்தில் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் சட்டத்திலேயே பங்கு உண்டு.

பத்தூர் நடராஜரின் கதையில் ஒரு வருத்தம் மிச்சமிருக்கிறது. கேஸில் ஜெயித்து வந்தவருக்குச் சொந்த ஊரில் பாதுகாப்பாகக் குடியிருக்க இடமில்லை. திருவாரூர் கோயிலில் உள்ள சிலைகள் பாதுகாப்பு மையத்தில்தான் கொண்டுபோய் வைத்தார்கள். லண்டனிலிருந்து பல ஆயிரம் மைல் வந்தவரால் கடைசிச் சில மைல்களைக் கடக்க முடியவில்லை.

எனவே சார், உங்கள் மனையில் 'ணங்' கேட்டால் கடப்பாரையைக் கீழே போடுங்கள். தாசில்தாருக்கு ஆள் அனுப்புங்கள். தயவுசெய்து வீட்டம்மா புளியை எடுத்துக்கொண்டு வருவதற்குள்!