தம்மாம் நகரைச் சைக்கிளில் சுற்றிய வெள்ளிக்கிழமைகள்

அகதியாக இந்நாட்டை வந்தடையுமுன் நான்கு வருடங்கள் சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் தொழில் புரிந்தோம். எம்மைப் போல் வளைகுடாவில் வியர்வை சிந்திய பின் இங்கு வந்தவர்களும், இன்றும் ஒரு மகனையோ கணவனையோ அங்கு விட்டு வைத்திருப்பவர்களும் எமது வாசகர்களிடையே பலர் உளர். அங்கிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் சம்பளமும் வெயிலும் இடம்பெறும், நகரம் இடம்பெறுவதில்லை. அந்நகரை எமக்குக் காட்டியது ஒரு பழைய சைக்கிள்.

தம்மாமின் வீதிகள் கார்களுக்காக அமைந்தவை. அங்கு சைக்கிள் மிதிப்பவர் பெரும்பாலும் பலசரக்குக் கடைப் பையனும் துப்புரவுத் தொழிலாளியுமே. எனவே அதில் ஏற வெட்கப்பட்ட நண்பர்களும் இருந்தனர். எமக்கு அவ்வெட்கம் வரவில்லை. 1990 இன் பின் எரிபொருள் தடையால் யாழ்ப்பாணத்தில் வைத்தியரும் ஆசிரியரும் மணமக்களும் சைக்கிளிலேயே சென்றனர். பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றியன்றோ வானொலிச் செய்தி கேட்டோம்! 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், அம்மம்மாவைக் கரியரில் இருத்தி நாவற்குழிப் பக்கமாக உருட்டிச் சென்றதும் ஒரு சைக்கிளைத்தான்.

மாசிக் கடைசி தொடக்கம் சித்திரை வரை தம்மாமில் இளவேனில். வெள்ளி அதிகாலைத் தொழுகை முடிந்தபின் மதியத் தொழுகை வரை நகரம் உறங்கும். அவ்வேளையில் எம்மவர் கூடும் சைக்கோ கட்டடப் பகுதியிலிருந்து புறப்படுவோம். பழைய கடைத்தெருவின் பூட்டிய கதவுகளைக் கடந்து கடற்கரை வீதியை அடைந்தால், கடலின் நடுவே பாதையிட்டு இணைக்கப்பட்ட மர்ஜான் தீவுவரை மிதிக்கலாம். காரில் போகிறவனுக்கு அடுத்தடுத்த பகுதிகள் ஒன்றுபோலத் தோன்றும். சைக்கிளில் போகிறவனுக்கோ ரொட்டி அடுப்பின் வாசனையும் மீன் வாசனையும் எங்கு மாறுகின்றன என்பது தெரியும்.

தவாசிர் என்றொரு குடியிருப்புப் பகுதி உண்டு. அப்பெயரின் வரலாற்றைப் பின்னரே அறிந்தோம். 1923 இல் பஹ்ரைனில் பிரித்தானிய நிர்வாகத்துடன் முரண்பட்ட தவாசிர் குலத்தினர், மன்னர் அப்துல் அசீசின் அனுமதியுடன் கடல் கடந்து தம்மாமிலும் அல்கோபரிலும் குடியேறினர். அன்று அவை சிறிய கரையோர ஊர்கள். 1938 மார்ச்சில் அருகிலுள்ள தஹ்ரானில் தம்மாம் 7 ஆம் இலக்கக் கிணற்றில் எண்ணெய் பெருகியபின்னரே இன்றைய நகரம் எழுந்தது. இடம்பெயர்ந்து வந்தோர் ஊன்றிய ஊர்! ஆனால் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் சவூதி அரேபியா இணையவில்லை. ஆகையால் எம்மவர் அங்கு எத்தனை வருடம் உழைத்தாலும் இக்காமா அட்டை உள்ளவரையே இருப்பு. அத்தெருவில் சைக்கிளை நிறுத்தி நின்ற காலைகளில் இது எம் நெஞ்சை உறுத்தியதுண்டு.

வடக்கே கத்தீப்பின் பேரீச்சந் தோப்புகள்வரை ஒரு தடவை சென்றோம். தூரத்திலிருந்து பனங்கூடல் போலவே இருந்தது. கிட்டப் போனதும் இல்லை.

கோடையோ வேறு கதை. ஆனி தொடக்கம் வெப்பம் 45 பாகையை எட்டும். கடலின் ஈரக்காற்றில் வியர்வை உலராது. இடையிடையே வடக்கிலிருந்து புழுதிக்காற்று. சூரியன் 5 மணிக்கு முன்பே எழுந்துவிடும். 7 மணிக்குள் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆடி மாதமொன்றில் எம் அறைத்தோழர் ஒருவர் பகல் 11 மணிக்குப் பணம் அனுப்பவெனச் சைக்கிளில் புறப்பட்டு, வழியில் மயங்கி வீழ்ந்தார். பாகிஸ்தானிய லொறிச் சாரதி ஒருவர் நிழலுக்குத் தூக்கிச் சென்றிராவிடில் வீட்டாருக்குப் பணத்திற்குப் பதில் வேறு செய்தி போயிருக்கும். இப்போது யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் 12 தொடக்கம் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்குவதற்குத் தடையுண்டு. வேலை முடிந்து வீதியில் மிதிப்பவனை அத்தடை காக்காது.

அங்குள்ள பிள்ளைகளுடன் கதைக்கும்போது சைக்கிளுக்குப் பின்விளக்கு உண்டோ என ஒரு வார்த்தை கேளுங்கள். இரவில் அவ்வீதிகளில் கார்கள் பறக்கும். வெயிலில் நிறுத்தும் சைக்கிளுக்குக் காற்றை இறுக அடிக்கவேண்டாமெனவும் சொல்லுங்கள், ரியூப் வெடித்துவிடும்.

புறப்பட்ட நாளில் எமது சைக்கிளைப் புதிதாக வந்திருந்த மட்டக்களப்புத் தம்பி ஒருவரிடம் கையளித்தோம். இடது பெடல் தளர்ந்திருந்ததைச் சொல்ல மறந்துவிட்டோம்.