ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. வேலை எப்போது வரும்?

2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மைசூரு பயிற்சி வளாகத்திலிருந்து 300-க்கும் மேற்பட்ட புதிய பொறியாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். அவர்களில் பலர் 2022-லேயே ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2024-ன் பிற்பகுதியில்தான் பணியில் சேர்ந்தார்கள். சில மாதங்களில் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பினார்கள்.

கேம்பஸ் தேர்வில் பெயர் வந்த அன்றே பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டதாக நம் வீடுகளில் இனிப்பு கொடுக்கிறோம். கல்லூரியும் பிளெக்ஸ் பேனரில் படத்தைப் போட்டுவிடுகிறது. உண்மையில், அந்தக் கடிதத்துக்கும் நிலையான வேலைக்கும் நடுவே சேரும் தேதி, பயிற்சித் தேர்வு, முதல் பிராஜெக்ட், பணி உறுதி என்று பல கட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டத்திலும் கதவு சாத்தப்படலாம். இது ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும். செய்ய வேண்டியதும் தெரியும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் எடுக்கும் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், காக்னிசன்ட், விப்ரோ, எச்சிஎல் போன்றவை பெரும்பாலும் சர்வீஸ் கம்பெனிகள். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் ஒரு வங்கி, காப்பீட்டு நிறுவனம் அல்லது சில்லறை வணிக நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதும் பராமரிப்பதும் இவர்கள் தொழில். அந்த ஒப்பந்தங்களில் பெரும்பகுதிக்கு, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதே பில். ஆகவே, கிளையண்ட் கணக்கில் ஏறாத ஒவ்வொரு பொறியாளரும் நிறுவனத்துக்குச் செலவு. ஆஃபர் தள்ளிப்போவது, பிராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் பெஞ்ச், இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பாண்டு, விலகும் முன் தர வேண்டிய மூன்று மாத நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

கேம்பஸ் தேர்வு நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே நடக்கிறது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு எவ்வளவு வேலை வரும் என்று ஊகித்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். கொரோனாவுக்குப் பின் 2021, 2022-ல் உலகமே இணையத்துக்கு மாறியபோது ஊகம் உச்சத்தில் இருந்தது. ஆஃபர்கள் மழையாகப் பொழிந்தன. பிறகு வெளிநாட்டு கிளையண்டுகள் செலவைச் சுருக்கினார்கள். ஊகம் தப்பியது நிறுவனங்களுக்கு; காத்திருந்தது பிள்ளைகள். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் என்று சொல்லித் தேர்ந்தெடுத்தவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று கேட்டது. இந்தச் சுமையை இருபத்திரண்டு வயதுப் பட்டதாரியின் தலையில் இறக்கியது நியாயமே இல்லை. ஆனால், சேரும் தேதியை மாற்றும் உரிமையைப் பல ஆஃபர் லெட்டர்கள் நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. கையெழுத்துப் போடும்போது அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

எனவே, சேரும் தேதி உறுதியாகும்வரை தேடலை நிறுத்தக் கூடாது. காத்திருக்கும் மாதங்களில் சிறிய நிறுவனம் ஒன்றில் சேருவதால் எந்தக் குறைவும் இல்லை. மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகளுக்கு உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி உண்டு. தென்மாநிலங்களுக்கான அதன் அலுவலகம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது. டைடல் பார்க்கைக் கடந்து தினமும் போய்வரும் பலருக்கு இது தெரியாது என்பது வருத்தமான விஷயம்.

அடுத்தது பயிற்சி. மெக்கானிக்கல், சிவில், இசிஇ படித்தவர்களையும் சர்வீஸ் கம்பெனிகள் எடுப்பதால், எல்லோரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர ஜாவா, பைத்தான், எஸ்கியூஎல் என்று சில மாதங்களுக்குள் வேகமாக நடத்தி முடிப்பார்கள். நான்கு ஆண்டுகள் படித்ததைச் சில மாதங்களில் தாண்டிச் செல்லும் வேகம் அது. தேர்வில் தவறினால் என்ன ஆகும் என்பது ஆஃபர் லெட்டரிலேயே இருக்கும். முன்பெல்லாம் இந்தத் தேர்வுகளைக் கொஞ்சம் தளர்வாக நடத்தினார்கள். ஆள் தேவை குறையும்போது அதே தேர்வு வடிகட்டியாக மாறிவிடுகிறது. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்காதவர்கள் சேரும் தேதிக்கு முன்பே ஒரு மொழியில் கை பழகியிருப்பது அவசியம். பத்து மொழிகளின் பெயரை ரெஸ்யூமில் அடுக்குவதைவிட, ஒரு மொழியில் 300 வரி நிரல் எழுதி, பிழை வந்த இடத்தைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியவர் நன்றாகத் தேறுவார். டேட்டாபேஸில் கேள்வி எழுதுவது, லினக்ஸ் கட்டளைகள், நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் ஆகிய மூன்றும் எந்த பிராஜெக்ட்டுக்குப் போனாலும் முதல் வாரத்திலேயே தேவைப்படும். இவற்றைப் பல கல்லூரிகள் இன்னும் ஒப்புக்குத்தான் சொல்லித் தருகின்றன.

பயிற்சி முடிந்து பிராஜெக்ட் கிடைக்காத காலம்தான் பெஞ்ச். ஒரு காலத்தில் அது சம்பளத்துடன் ஓய்வு. இப்போது அப்படியில்லை. ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாட்களாவது கிளையண்ட் கணக்கில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாட்களைத் தாண்டக் கூடாது என்று 2025 ஜூனில் டிசிஎஸ் விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே, மொத்த ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 12,000 பேர் அளவுக்குக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலையினர் என்றாலும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது புதியவர்களுக்கும் தெரிய வேண்டும். பெஞ்சில் இருப்பவர் மின்னஞ்சலுக்காகக் காத்திருக்காமல், உள்ளே என்னென்ன பிராஜெக்ட்டுகளில் ஆள் கேட்கிறார்கள் என்று தேடி, அந்த மேலாளர்களிடம் நேரே பேச வேண்டும். ஊர் மாற மாட்டேன், ஷிஃப்ட் முடியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுபவர்களுக்குப் பிராஜெக்ட் தாமதமாகத்தான் வரும்.

டெவலப்மென்ட் கிடைத்தால் அதிர்ஷ்டம், சப்போர்ட் கிடைத்தால் வாழ்க்கை போச்சு என்ற பேச்சு ஃபிரெஷர்களிடையே பலமாக ஓடுகிறது. அதை நான் முழுதாக ஏற்கவில்லை. வந்த புகாரை எடுத்து அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முதல்நிலை சப்போர்ட்டில் இரண்டு ஆண்டுகள் தங்கிவிட்டால் உண்மையிலேயே துரு பிடித்துவிடும். ஆனால், பிழை எங்கிருந்து வருகிறது என்று பழைய நிரலைத் திறந்து படிக்க வேண்டிய சப்போர்ட் வேலை, புதிதாக எழுதும் வேலையைவிடச் சில சமயம் அதிகம் கற்றுத் தரும். சின்னச் சின்ன நிரல் துண்டுகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே எழுதித் தரும் இந்தக் காலத்தில், ஃபிரெஷருக்கென்று ஒதுக்கிய எளிய வேலைகள் கரைந்துவருகின்றன. வேறொருவர் எழுதியதைப் படித்து, இது சரியா தவறா என்று சொல்லத் தெரிந்தவருக்கே மதிப்பு. கருவி தந்ததை அப்படியே ஒட்டிவிட்டு, டீம் லீட் கேட்கும்போது விளக்கத் தெரியாமல் நிற்பவர் வேகமாக நம்பிக்கையை இழப்பார்.

சம்பளத்துக்கு வருவோம். ஆண்டுக்கு மூன்று முதல் மூன்றரை லட்சம் என்ற தொடக்கச் சம்பளம் பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கிறது. வாடகை நிற்கவில்லை. உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவான சி.டி.சி. ஆண்டுக்கு 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதியில் (பி.எஃப்.) நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய், அதுவும் சி.டி.சி.க்குள்தான் இருக்கும். உங்கள் பங்கு இன்னொரு 1,800. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், சுமார் 720. இத்துடன் மருத்துவக் காப்பீடு, செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் தொகை, தொழில் வரி ஆகியவற்றையும் கழித்தால் கையில் வருவது 24,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். இந்த அளவுச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது.

பலரையும் மிரட்டுவது பாண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் இவ்வளவு லட்சம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். இது செல்லவே செல்லாது என்று சொல்பவர்களும் உண்டு. ஜெயிலுக்கே போக நேரும் என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கியாக இருந்தது. ஆள் எடுக்க அத்தகைய வங்கிக்கு ஆகும் செலவையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அதே நேரம், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. ஆகவே, தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு, பயிற்சி உண்மையிலேயே தருகிறார்களா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலை ஒப்படைக்கச் சொல்லும் நிறுவனத்தில் சேராதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வேலை தரும் நிறுவனம் வேலை தரும் நிறுவனமே அல்ல. கன்சல்டன்சி என்ற பெயரில் லட்சங்கள் கேட்பவர்கள், இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழ் தயார் செய்து தருகிறேன் என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பி.எஃப். பதிவில் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் இருந்தீர்கள் என்பது பதிவாகிவிடுவதால், போலி அனுபவம் பின்னணிச் சரிபார்ப்பில் எளிதாக வெளிவரும். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, 2022-ல் மீட்கப்பட்டதையும் மறந்துவிட வேண்டாம். இணைய மோசடியில் பணத்தை இழந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

சர்வீஸ் கம்பெனி மட்டுமே கதி என்பதும் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ பல ஆண்டுகளாகப் பிளஸ் டூ முடித்தவர்களையே எடுத்துப் பயிற்றுவிக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகிறது. சொந்த மென்பொருளை உருவாக்கி விற்கும் இத்தகைய பிராடக்ட் கம்பெனிகளில் நிரல் எழுதும் சுற்றுகள் கடினம், இடங்களும் குறைவு. ஆனால் கல்லூரிப் பெயருக்கு அங்கே பெரிய வேலையில்லை.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை ஆஃபர் என்று ஆண்டுதோறும் விளம்பரம் செய்கிறீர்கள். அதோடு, போன ஆண்டு ஆஃபர் வாங்கியவர்களில் எத்தனை பேர் பணியில் சேர்ந்தார்கள், ஓராண்டு கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் வெளியிடுங்கள். சேர்க்கைக்கு வரும் பெற்றோர்களே, அந்த இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிய பிறகு கட்டணம் கட்டுங்கள்.