மடியில் படுத்த கிடார்

தந்தி வாத்தியங்கள் தொடர் – 12

வேப்பந்தட்டை பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி செல்போனில் யூடியூபைத் தள்ளிக்கொண்டிருப்பவர் கண்ணில் என்றாவது அந்த வாத்தியம் படும். உடம்பைப் பார்த்தால் கிடார். ஆனால் வாசிப்பவர் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கவில்லை. மடியில் மல்லாக்கப் படுக்கவைத்திருக்கிறார். இடது கையில் வழவழப்பான இரும்பு உருளை, வலது கை விரல் நுனிகளில் உலோக நகங்கள். தலைப்பக்கம் தந்தியை முறுக்கும் பிரடைகள் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. போதாததற்குக் கழுத்தின் ஓரமாக ஒரு மரத்துண்டைப் பொருத்தி, அதில் இன்னொரு வரிசை. பக்கத்தில் நிற்பவரிடம் காட்டினால் அவர் சிதார் என்பார். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர், இல்லை, வீணையில் ஏதோ புது வகை என்பார்.

இருவரும் முழுத்தப்பு சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

தந்திகளை எண்ணினால் மட்டும் அடையாளம் கிடைத்துவிடாது. மெல்லிசைக் குழுக்களில் பார்க்கிற 12 தந்தி கிடாரில் எண்ணிக்கை கூடுதல்தான், ஆனால் அவை இரண்டிரண்டாக ஒட்டி ஓடும் ஆறு ஜோடிகள். சாதாரண கிடாரை வாசிக்கத் தெரிந்தவர் அதையும் வாசித்துவிடலாம். மாண்டலினின் எட்டும் நான்கு ஜோடிகளே. எனவே எத்தனை தந்தி என்பதைவிட, எந்தத் தந்தி எங்கே போகிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

செல்போனில் தெரிந்த வாத்தியத்தில் மூன்று வகைத் தந்திகள் உண்டு. ராகம் வாசிக்க மூன்று. சுருதிக்கும் தாள நடைக்கும் ஐந்து. இவை சற்றுத் தாழ்வாக ஓடுவதால் இரும்பு உருளையின் வழியில் குறுக்கிடுவதில்லை. இந்த எட்டுக்கும் அடியில், கண்ணுக்குச் சட்டென்று தெரியாமல், மெல்லிய தந்திகள் பன்னிரண்டு. மொத்தம் 20. ஜெய்ப்பூரைச் சேர்ந்த விஸ்வமோகன் பட் உருவாக்கிய மோகன வீணை இது.

அடியில் ஓடும் பன்னிரண்டும்தான் துப்பு. அவற்றை ராகத்தின் சுரங்களுக்குச் சேர்த்து வைத்துவிட்டால் அவை தாமாகவே ஒலிக்கும். திருவிழாவில் தவில் அதிரும்போது அலமாரியில் எவர்சில்வர் தட்டு கிணுகிணுக்கிறதே, அதே ஒத்ததிர்வு. மேல் தந்தியில் ஒரு காந்தாரம் விழுந்தால் கீழே காந்தாரத்துக்குச் சேர்த்த தந்தி எழுந்து, மேலே ஒலி நின்ற பிறகும் சற்று நேரம் இழுக்கும். சிதாரிலும் சரோதிலும் இந்த ஏற்பாடு உண்டு. கடையில் வாங்கும் கிடாரில் கிடையாது.

அடுத்த துப்பு, இரும்பு உருளை. கிடாரின் கழுத்தில் உள்ள மெட்டுகள் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் படியேற்றும். நம் இசைக்கு வேண்டியதோ வழுக்கல். தந்திகளை உயர்த்திக் கட்டி, மெட்டைத் தொடாமல் மேலேயே உருளையை நகர்த்தினால் கமகம் தடையில்லாமல் வரும். இந்த முறை நமக்குக் கிடாரோடு வந்து சேர்ந்தது ஹவாய் தீவுகளிலிருந்து. அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைப் பரப்பியவர் என்று ஜோசப் கெக்குக்குவைச் சொல்வார்கள். ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்தார். ஹவாயன் கிடாரில் முழு ராகத்தை விரித்துக் காட்டியவர் ஜோத்பூரின் பிரிஜ்பூஷண் காப்ரா. 1967இல் சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலோடு அவர் வாசித்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டு இன்றும் விலை போகிறது. அவருக்கு அடுத்த தலைமுறைதான் ரவிசங்கரின் சீடரான பட். அமெரிக்க கிடார் கலைஞர் ரை கூடருடன் அவர் சேர்ந்து வாசித்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ 1994இல் கிராமி விருது பெற்றது.

தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம். சென்ற வாரம் பார்த்த கோட்டு வாத்தியம் வேறென்ன? மெட்டே இல்லாத வீணை. பொதுவாக 21 தந்திகள், அவற்றில் பன்னிரண்டு அடியில் ஒத்தொலிப்பவை. வழுக்குவதற்கு இரும்புக்குப் பதில் கருங்காலி உருளை. செம்மங்குடி சீனிவாச ஐயருக்குப் பாடம் சொன்ன திருவிடைமருதூர் சகாராம ராவும், கலாக்ஷேத்திராவில் கற்பித்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் வாசித்தது அதைத்தான். உடம்பை மறைத்துவிட்டுத் தந்திகளின் அமைப்பை மட்டும் காட்டினால், மோகன வீணை கிடாரைவிடக் கோட்டு வாத்தியத்துக்கே நெருங்கிய உறவு.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியிருக்கும். வங்காளத்தின் ராதிகா மோகன் மைத்ரா சரோதைத் திருத்திச் செய்த ஒன்றுக்கும் மோகன வீணை என்றே பெயர்; பட்டினுடையதற்கு முன்பே வந்தது அது. இன்னொரு பக்கம், கொல்கத்தாவின் தேபாசிஷ் பட்டாச்சார்யா 24 தந்திகளோடு சதுரங்கி என்று ஒன்றைச் செய்திருக்கிறார். காசியில் வாழும் தமிழ்ப் பெண்மணி கமலா சங்கர், கழுத்தைக் குடைந்து ஒலிக்கூடாக்கிய சங்கர் கிடாரை வாசிக்கிறார். பட்டின் மோகன வீணை, சதுரங்கி, சங்கர் கிடார் மூன்றும் மடியில் படுப்பவை, மூன்றிலும் வழுக்கல்தான். பெட்டியும் கழுத்தும் தந்திக் கணக்கும்தான் வேறு.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது தந்திகளின் மொத்த இழுவை 200 கிலோவைத் தாண்டும். தட்டையான மேற்பலகை கொண்ட மலிவு கிடாரில் இத்தனையையும் ஏற்றினால் பலகை உப்பிக்கொண்டு, தந்திகளைத் தாங்கும் குதிரை பெயர்ந்துவிடும். அதனால்தான் மோகன வீணைக்கு வில்லாக வளைந்த மேற்பலகை. கனத்த பலகையை உளியால் செதுக்கி எடுத்த வளைவு அது. தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரத்தைக் குடைவதும் இதே வகை வேலைதான். வேப்பந்தட்டை வட்டத்திலேயே, பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூரின் மரச்சிற்பிகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது, அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இல். இரண்டு ஊர்க் கைவேலையும் ஒரே பட்டறையில் சேர்ந்து ஒரு வாத்தியம் பிறந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுப் பரணிலோ பழைய சாமான் கடையிலோ இப்படியொன்று கிடைத்தால், மெருகு போடவும் புதுத் தந்தி மாட்டவும் அவசரப்பட வேண்டாம். தலைப்பக்கப் பிரடைகள், கழுத்தோரப் பிரடைகள், குதிரையில் தந்திகள் ஏறும் தடங்கள், பின்பக்கம் ஆகிய நான்கையும் முதலில் படமெடுங்கள். மேல் தந்திகளுக்குக் கீழே இன்னொரு சிறு குதிரை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால், அது வெறும் கிடார் இல்லை.